செல்லூர் வீட்டு நடையில் பீங்கான் சில்லுத் தரை: பெயர்த்து எடுக்க முடியுமா?

சில்லுக்காரி

வணக்கம். மதுரை செல்லூரில் இருக்கிற எங்கள் வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர் அடுத்த மாதம் இடிக்கப் போகிறார். இன்னும் 21 நாள் இருக்கிறது. அதற்குள் அங்கே இருக்கிற ஒரு தரையைப் பெயர்த்து எடுக்க வேண்டும். செய்தவர்கள், செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா மேல வெளி வீதியில் டீ கிளப் வைத்திருந்தார். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் குடிக்கிற கூட்டம், ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பையாவது உடையும். உடைந்ததைக் குப்பையில் போட விடமாட்டாராம். சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "காசக் கொண்டாருவான்னு பாத்தா மனுசன் ஓட்டக் கொண்டாறான்" என்று பாட்டி வைததை அம்மா இன்றைக்கும் அப்படியே பேசிக் காட்டுவார். 1961ல் வீடு கட்டினார்கள். வாசலுக்கும் பட்டாசாலைக்கும் நடுவே உள்ள நடைக்குத் தளம் போடுகிற நேரத்தில் கையில் பணம் இல்லை, சாக்குகள் இருந்தன. ஒரு கொத்தனாரும் தாத்தாவுமாக உட்கார்ந்து, பதினோரு அடிக்கு நாலடி, முழுக்கப் பீங்கான் சில்லாகவே பதித்துவிட்டார்கள்.

அதில் ஒரு கிளி இருக்கிறது. மீனாட்சி கையில் இருக்கிற கிளி என்பது தாத்தாவின் வாதம். பார்க்கிற யாருக்கும் வாத்துதான். நாங்கள் அதை வாத்துக்கிளி என்போம். பச்சைக்கு அவர் எங்கே போனார் தெரியுமா? ஓட்டல் கோப்பைகளுக்கு விளிம்பில் பச்சைக் கோடு ஒன்று ஓடும் இல்லையா, அந்த விளிம்புத் துண்டுகளை மட்டும் பொறுக்கி வரிசையாக அடுக்கியிருக்கிறார். அதனால் கிளி உடம்பெல்லாம் வரிக்குதிரை மாதிரி இருக்கும். மூக்கு ஏதோ ஒரு சாசரின் சிவப்புப் பூ. கண்ணுக்கு நீலக் கோலிக்குண்டு. கோலி இப்போது இல்லை. எனக்கு ஏழு வயசாக இருந்தபோது ஆணியால் நோண்டி எடுத்து விளையாடித் தொலைத்துவிட்டேன். பழியைத் தம்பி மேல் போட்டேன். அவன் இதைப் படிக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

சிக்கல் ஒன்று: 1971ல் சித்தப்பா கல்யாணத்துக்கு வீட்டைப் புதுப்பித்தபோது நடையில் மொசைக் டைல்ஸ் ஒட்டினார்கள். டைல்ஸ் பத்தவில்லை, பாதியோடு நின்றுவிட்டது. அப்போது எனக்கு அஞ்சு வயசு. ஆகவே வாத்துக்கிளிப் பாதிதான் எனக்குத் தெரிந்த தரை. மறுபாதியில் என்ன இருந்தது என்று கேட்டால் அம்மா "பூவு" என்கிறார், பெரியம்மா "கடைப் பேரு" என்கிறார். மேலே உள்ள டைல்ஸை அடியில் இருப்பது கெடாமல் எடுக்க முடியுமா?

சிக்கல் ரெண்டு: எடுத்த பிறகு மொத்தத்தையும் பெயர்த்து கே.கே. நகர் ஃப்ளாட்டுக்கு, மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ரெண்டு வருஷமாக உடைந்த டைல்ஸில் ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். பூந்தொட்டி, ஸ்டூல் பலகை, கதவு எண். சாதாரண பிளைவுட்டில் மயில் ஒன்று செய்து மாடியில் வைத்தேன். ஐப்பசி மழையில் பலகை உப்பி, மயில் வாலிலிருந்து தொடங்கி உதிர்ந்தது. ஒட்டத் தெரியும், பெயர்க்கத் தெரியாது என்கிற நிலையில் கேட்கிறேன். படம் நாலு இணைத்திருக்கிறேன்.

(பெயரைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச்சில்லுகள் வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்த அன்று வைத்துக்கொண்டது.)


பழைய கரண்டி

எங்கப்பா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன் அக்கா. அவருக்கு 71 வயசு, முப்பத்தஞ்சு வருசம் மொசைக் வேலை. வில்லாபுரம். இனி அவரு பேச்சு.

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு தெளிவாயிக்குவோம். நாங்க மொசைக்குன்னு சொன்னது வேற. வெள்ள சிமெண்ட்டுல கலர் பவுடரு, மார்பிள் பவுடரு, மார்பிள் சில்லு கலந்து தளத்து மேல கொட்டி, உருளை போட்டு அமுக்கி, கரண்டியால தேச்சு விடுவோம். கட்டம் கட்டமாப் பிரிக்கிறதுக்கு நடுவுல கண்ணாடிப் பட்டி. ஒரு வாரம் தண்ணி நிக்கணும். அப்பறம் மிசின் ஓட்டணும், மொதல்ல 60 நம்பர் கல்லு, ஓட்டை தெரிஞ்ச எடமெல்லாம் அதே கலர் சிமெண்ட்டுப் பால வச்சு அடைக்கணும், பெறகு 120, பெறகு 320. கடைசியா ஆக்சாலிக் பவுடர் போட்டுத் தேச்சா மொகம் தெரியும். மூலை முடுக்கெல்லாம் மிசின் போகாது, கையில கல்ல வச்சுக் குந்தித் தேய்க்கணும். என் முட்டி போனதே அந்த மூலையிலதான். ஒங்க சித்தப்பா ஒட்டுனாரே, அது இதே சரக்க அச்சுல அமுக்கி டைல்ஸாப் பண்ணினது.

ஒங்க தாத்தா போட்டதுக்கு நாங்க சைனா மொசைக்குன்னு சொல்லுவோம். மொட்டமாடியில வெயில் எறங்காம இருக்க வெள்ளச் சில்லாப் பதிப்பாங்கள்ல, அதே சோலி. மாடியில போட்டிருக்கேன். வீட்டுக்குள்ள நடையில போட்டு நான் பாத்ததில்ல.

டைல்ஸ எடுக்குறதுக்கு: பீங்கானு வழுவழுன்னு இருக்கும், சிமெண்ட்டு அத அவ்வளவு லேசுல கவ்வாது. அது ஒங்களுக்கு நல்லது. ஆனா கொத்தனாருக்கும் அது தெரியும். அதனால டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி பழைய தரைய அங்கங்க கொத்தி விட்டிருப்பான், புடிமானத்துக்கு. அப்படிக் கொத்தியிருந்தா அந்த எடத்துல சில்லு செத்துச்சு. எம்புட்டுக் கொத்தியிருக்கான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும்.

ஒரு சின்ன மரச்சுத்தி எடுத்து ஒவ்வொரு டைல்ஸாத் தட்டுங்க. பொத்துப் பொத்துன்னு கேட்டா அடியில காத்து இருக்கு, லேசா வந்துரும். கிண்ணுன்னு கேட்டா அதக் கடைசிக்கு வைங்க. பாதியோட நிறுத்துன ஓரம் இருக்குல்ல, அங்கிட்டு இருந்து ஆரம்பிங்க. பட்டை உளிய நட்டமாப் புடிக்கக் கூடாது, தரையோட தரையாப் படுக்க வச்சு, பைய. ஒடைக்கிற மிசின வாடகைக்கு வாங்கிட்டு வந்து டர்ருன்னு ஓட்டுனீங்க, கிளி பறந்துரும்.

இன்னொண்ணு. படம் மூணுல செவுத்து ஓரமா வெள்ளையும் நீலமும் மாத்தி மாத்தி ஒரு பார்டர் போகுது பாருங்க. அது நூல் புடிச்சு வச்சது. சந்து எல்லாம் ஒரே அளவு. அது கொத்தனாரு கை. வாத்து அவன் கை இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.


சில்லுக்காரி

தப்பாக எடுக்கவில்லை அண்ணே. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்.


ஏட்டுச்சுரைக்காய்

வணக்கம். நான் தொல்லியல் பாதுகாப்புப் படித்தவன். வேலை பார்ப்பது வேறு துறையில், பெயரிலிருந்தே ஊகித்திருப்பீர்கள். பாடப்புத்தகம் முதலில் சொல்வது, மொசைக்கை, அதாவது சில்லு பதித்த படத்தை, இருக்கிற இடத்தில் விடு என்பதுதான். ஜோர்டானில் மதபா என்ற ஊரில் 6ஆம் நூற்றாண்டு நிலப்பட மொசைக் இருக்கிறது. பழைய தேவாலய இடிபாட்டின் மேல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுத் தேவாலயம் கட்டியபோது வெளிப்பட்டது, கட்டுகிற வேலையில் கொஞ்சம் சேதமும் ஆனது. இன்றைக்கும் தேவாலயத் தரையாகவே கிடக்கிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. துருக்கியில் ஜூக்மா என்ற ரோமானிய ஊருக்கும் இல்லை. பிரெஜிக் அணைத் தண்ணீர் 2000த்தில் ஏறி வர வர, மொசைக்குகளை அவசர அவசரமாகப் பெயர்த்தார்கள். 2011ல் காஸியான்தெப்பில் அவற்றுக்காகவே அருங்காட்சியகம் திறந்தார்கள். நீங்கள் செய்யப்போவது அதே வேலைதான், அணைக்குப் பதில் புல்டோசர்.

முறை இது. தரையை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, முகத்தில் மெல்லிய பருத்தித் துணியைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். சில்லுகள் ஒன்றோடொன்று இடம் மாறாமல் துணி பிடித்துக்கொள்ளும். பசை பிறகு வெந்நீரில் கரைய வேண்டும் என்பது முக்கியம். அதனால் ஃபெவிகாலோ எபாக்ஸியோ வேண்டாம். ஐரோப்பாவில் பல காலம் மிருகப் பசைதான் உபயோகித்தார்கள், அதாவது நம் ஆசாரிகள் காய்ச்சி ஊற்றுகிற அதே வஜ்ஜிரம். ஒரு எச்சரிக்கை: கெட்டியாகக் காய்ச்சினால் காயும்போது சுருங்கி, பீங்கானின் மேல்பூச்சையே உரித்துக்கொண்டு வந்துவிடும். கஞ்சித்தண்ணி பதத்தில், ரெண்டு தடவையாகப் பூசுங்கள். பயனில்லாத ஒரு மூலையில் முதலில் செய்து பாருங்கள்.

துணி காய்ந்தபின் ரெண்டடிக்கு ரெண்டடியாகப் பிரித்து, சில்லுகளின் சந்து வழியாகவே வெட்டுக்கோடு போகும்படி துணியை அறுத்து, அடியில் நீளமான தட்டை உளியைச் செலுத்திப் படுக்கையிலிருந்து பிரிக்க வேண்டும். பலகை ஒன்றை அடியில் தள்ளி, மேலே ஒன்று வைத்து, சப்பாத்தியைத் திருப்புகிற மாதிரி கவிழ்க்க வேண்டும். பின்பக்கம் மேலே வந்ததும் பழைய காரையைச் சுரண்டி மெல்லிசாக்குங்கள். இதெல்லாம் நடக்குமா என்பது அடியில் இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்பதைப் பொறுத்தது. ஸ்க்ரூடிரைவரால் சந்தில் கீறிப் பாருங்கள். வெளுத்த பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு, கும்பிட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத்தில் கீறலே விழாவிட்டால் சிமெண்ட்.

எடுப்பதற்கு முன் மொத்தத் தரை மேலும் தெளிவான பாலித்தீன் ஷீட் விரித்து, மார்க்கரால் ஒவ்வொரு சில்லின் ஓரத்தையும் வரைந்துகொள்ளுங்கள். ஒரு நாள் ஆகும். பெயர்க்கும்போது ஏதாவது கைவிட்டுப் போனால், எது எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. இத்தாலியில் பொம்பெயி என்ற பழைய ரோமானிய ஊரில் 1831ல் கிடைத்த அலெக்சாந்தர் மொசைக்கை 1843ல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், பிற்பாடு சுவரில் நிறுத்தினார்கள். தரையாகப் பிறந்ததை நிற்க வைத்தால் அதன் பாரமே அதைக் கீழே இழுக்கும். அதேபோல் பின்பக்கம் கம்பி கட்டி கான்கிரீட் போடாதீர்கள். போன நூற்றாண்டில் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். கம்பி துருப்பிடித்து உப்பி, முகத்தை வெடிக்க வைத்தது. இப்போது அதையெல்லாம் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.


நேர்ப்பேச்சு

டீக்கடை உடைசலுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நல்ல கேமராவில் படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டுங்கள். மூவாயிரம் ரூபாயில் முடியும். பதினோரு அடி தரையை ரெண்டு அங்குல காரையோடு எடுத்தால் நானூறு கிலோவுக்குப் பக்கம் வரும். மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அதை எங்கே வைப்பீர்கள்?


சில்லுக்காரி

எடைக் கணக்குக்கு நன்றி, உண்மையாகவே அதை நான் யோசிக்கவில்லை. பறவையும் பார்டரும் இருக்கிற பகுதியை மட்டும் எடுக்கிறேன், காரையை அரை அங்குலத்துக்குக் குறைக்கிறேன்.

உடைசல் பற்றி: சண்டிகரில் நேக் சந்த் என்று ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் இருந்தார். வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள், சாயங்காலம் சாயங்காலமாகப் போய், உடைந்த பீங்கானும் வளையலும் வைத்து ஆளும் மிருகமுமாகச் செய்து நிறுத்தினார். அரசாங்க நிலம். கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். இடிக்காமல் 1976ல் பூங்காவாகத் திறந்தார்கள். புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் நான் அங்கே உடைத்த வளையல்களுக்கே ஒரு சின்னப் பூங்கா வரும். பிரிண்ட் போட்ட படத்தின் மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது சார். எனக்கு அந்தக் கிளி பாதத்தில்தான் ஞாபகம். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சில்லு கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருக்கும், இருட்டில் வந்தாலும் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும்.


பூக்கல்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அக்கா, மறுபடி பதிக்கும்போது சுற்றி மிச்ச இடத்துக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்று நினைத்தால் ஒரு யோசனை. அதை டைல்ஸ் என்று நினைத்து டைல்ஸ் போடுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். சூளையில் சுடுகிற சாமான் இல்லை அது. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, உள்ளே அச்சை நிறுத்தி, கலர் கலந்த சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். தண்ணீரில் ஊறித்தான் இறுகும். கண்ணாடி பட்ட முகம் என்பதால்தான் அந்தப் பளபளப்பு. எலுமிச்சம்பழம், ஆசிட் எது பட்டாலும் முகம் போய்விடும். எங்கள் வீட்டில் பொங்கலுக்குத் துடைக்க வந்தவர் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றி, அப்பத்தா காலத்துப் பூ ஒன்று இப்போது நிலா மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

எங்கள் ஊர் வீடுகளில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த புடைப்புப் பூ டைல்ஸ் சுவரில் இருக்கும், ஆத்தங்குடிக் கல் தரையில் இருக்கும். கோப்பையை உடைத்துத் தரை போட்டதை நானும் பார்த்ததில்லை. வரலாமா பார்க்க?

இன்னொன்று: கோப்பையின் அடிப்பாகத் துண்டுகள் பதிந்திருந்தால், பின்பக்கம் முத்திரை இருக்கும். பெயர்த்ததும் பாருங்கள். 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை அங்கே இருந்த காலத்துச் சரக்கு, 1952க்குப் பிந்தாது.


புதுக்கை

நடுவில் புகுந்து கேட்கிறேன், நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். கோப்பையை எப்படி உடைப்பது? வளைவாக இருப்பதால் தட்டையாக ஒட்ட வரவே மாட்டேன் என்கிறது.


சில்லுக்காரி

வளைவை ஜெயிக்க ஒரே வழி, துண்டைச் சின்னதாக்குவது. கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டால் வளைவு கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. முதலில் கோப்பையைச் சாக்குக்குள் வைத்து ஒரே அடி. பிறகு ரெண்டு சக்கரம் வைத்த நிப்பர் என்ற வெட்டுக் குறடால் நறுக்குங்கள். சாதாரண கட்டிங் பிளேயரில் செய்தால் ஓரம் நொறுங்கும். கைப்பிடியைத் தூக்கிப் போடாதீர்கள், பூவுக்கு நடுமொட்டாக அது நன்றாக இருக்கும். சுவர் டைல்ஸ் லேசாக வெட்டுப்படும், தரைக்குப் போடுகிற விட்ரிஃபைட் படாது, கைதான் வலிக்கும். கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். நான் ஒரு நாள் போடவில்லை, அரசரடி கண் டாக்டர் பத்து நிமிஷம் திட்டினார், அஞ்சு நிமிஷம் வைத்தியம் பார்த்தார்.

சமமான தரை வேண்டுமென்றால் காகிதத்தில் முகம் கீழே இருக்கும்படி மைதாப் பசையில் ஒட்டி, மொத்தமாகக் கவிழ்த்துப் பதியுங்கள். படம் இடவலம் மாறும் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்து 'வருக' என்று எழுதியதை இப்போது கண்ணாடியில்தான் படிக்க முடியும்.


சில்லுக்காரி (ஆறு நாள் கழித்து)

டைல்ஸை எடுத்தாயிற்று. பழைய கரண்டி அண்ணனும் அவர் மகனும் நேரிலேயே வந்துவிட்டார்கள். முட்டி வலியோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, காதை வைத்தே வேலை வாங்கினார். "அது இல்லடா, பக்கத்துல. கேக்கல?" மொத்தம் 22 டைல்ஸ். பதினாறு அப்பளம் மாதிரி வந்தன. கொத்திவிட்ட இடம் ஒன்பது, ஒவ்வொன்றும் நாலணா அளவுக்குத்தான். 1971ல் ஒட்டியவர் மனசில்லாமல் கொத்தியிருக்கிறார் என்று அண்ணன் சொன்னார்.

சரி, அடியில் என்ன இருந்தது என்றால், பூ இல்லை, கடைப் பெயரும் இல்லை. இன்னொரு கிளி.

இது கிளி. பார்த்த நொடியில் கிளி. அதே விளிம்புப் பச்சைதான், ஆனால் கோடுகள் எல்லாம் இறகு போகிற பக்கம் போகின்றன. கழுத்தில் கறுப்பு வளையம், வளைந்த மூக்கு, ஒரு காலைத் தூக்கியிருக்கிறது. வாலுக்கு நீளமான விளிம்புகளாகத் தேடி எடுத்து நுனி வரை சிறுத்துக்கொண்டே போயிருக்கிறார். கண்ணில் வெள்ளைக் கோலி, அப்படியே இருக்கிறது. என் ஆணிக்குத் தப்பியது. அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, விரலால் சந்தெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னன்ல" என்றார்.

அம்மாவை வீல்சேரில் கூட்டிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாடி, இப்ப ஞாவகம் வருது. இது கொத்தனாரு வச்சது. வர்றவுக போறவுக எல்லாம் இதத்தான் நின்னு பாப்பாக. டைல்ஸ் பத்தாதுன்னு தெரிஞ்சதும், எந்தப் பக்கம் ஒட்டுறதுன்னு ஒங்க சித்தப்பா கேட்டாரு. ஒங்க தாத்தாதான் இந்தப் பக்கம்னு கையக் காட்டுனாரு."

கொத்தனார் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. அவர் சோழவந்தான் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார், மத்தியானம் சாப்பாட்டுக்கு வெஞ்சனம் இல்லாமல் வெறும் ஊறுகாய் போதும் என்பார். அம்மாவிடம் இருப்பது இவ்வளவுதான்.

ஸ்க்ரூடிரைவர் கீறலும் போட்டேன். வாத்துப் பக்கம் வெளுத்த பொடி கொட்டுகிறது. சுண்ணாம்பு, செங்கல் தூள் கலந்தது. கிளிப் பக்கம் மேலே மட்டும் சாம்பல், 1971 சிமெண்ட் பால் சந்து வழியாக இறங்கியிருக்கும் போல.


ஏட்டுச்சுரைக்காய்

அப்படியானால் கிளியை முதலில் எடுக்காதீர்கள். வாத்தில் கை பழகட்டும்.


சில்லுக்காரி (பதினாறாம் நாள்)

முடிந்தது. நல்லதும் கெட்டதுமாகச் சொல்கிறேன்.

வஜ்ஜிரம் காய்ச்சுகிற நாற்றத்தில் பக்கத்து வீட்டார் ரெண்டு தடவை வந்து கேட்டார்கள். முதல் சோதனை மூலையில் என் அவசரத்துக்குக் கெட்டியாகப் பூசிவிட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போது டிக் டிக் என்று சத்தம், காலையில் பார்த்தால் நாலு சில்லு முகம் உரிந்து கிடக்கிறது. சொன்னபடியே நடந்தது. பிறகு தண்ணியாகவே பூசினேன். காடாத்துணி வேண்டாம், மல் துணிதான் சில்லோடு படிகிறது.

வாத்துக்கிளி ஒரே துண்டாக வந்துவிட்டது. உளியை உள்ளே விட்டதும் கேக் மாதிரி எழும்பியது, தூக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம், ஒரு சில்லுகூட உதிரவில்லை. கொத்தனார் கிளி அப்படி வரவில்லை. வாலில் ஒரு வெடிப்பு, கழுத்தில் ஒன்று, மொத்தம் மூன்று துண்டு. தூக்கிய காலில் ஏழெட்டுச் சில்லு நொறுங்கிப் போயிற்று. பாலித்தீன் வரைபடம் இருப்பதால் எந்த அளவு, எந்தச் சாய்வு என்று தெரிகிறது. பச்சைக் கோடு போட்ட ஓட்டல் கோப்பைதான் வேண்டும். பழைய சாமான் கடைகளில் ரெண்டு நாளாக அலைகிறேன், கிடைப்பதெல்லாம் கண்ணாடி டம்ளர்தான். யாரிடமாவது விளிம்பு உடைந்த கோப்பை இருந்தால் சொல்லுங்கள். முழுசாக இருந்தால் வேண்டாம், எனக்கு உடைக்க மனசு வராது.

பின்பக்க முத்திரை: பதினொன்று கண்டுபிடித்தேன். ஒன்பது அழிந்துவிட்டது. ஒன்றில் பாதிக் கிரீடம். இன்னொன்றில் 'கட்டா' என்று ஆங்கில எழுத்தில் கடைசிப் பகுதி மட்டும், கல்கத்தாவாக இருக்க வேண்டும். ஜப்பான் ஒன்றும் இல்லை, பூக்கல் மன்னிக்கவும்.

இப்போது எல்லாம் பலகைகளுக்கு நடுவே கவிழ்ந்த நிலையில் என் பால்கனியில் கிடக்கின்றன. கூரை உள்ள பால்கனிதான், மழை அடிக்காது. அங்கேயே தரையாகப் பதிக்கலாம் என்று முடிவு. ரெண்டு பறவையையும் பக்கத்தில் பக்கத்தில். தம்பி வந்து பார்த்துவிட்டு வாத்தின் கண் எங்கே என்று கேட்டான். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும், நீதான் அந்தக் கோலிய வச்சுக்கிட்டு என்னையவே ஜெயிச்ச" என்றான்.

அண்ணே, பதிக்கிறதுக்கு என்ன சரக்கு போடட்டும்? வெள்ளை சிமெண்ட் போதுமா?


பழைய கரண்டி

வெறும் வெள்ள சிமெண்ட்டு வேணாம் தங்கச்சி, காயும்போது மயிர்வெடிப்பு விடும். பின்னாடி இருக்குறது சுண்ணாம்புக் காரை, அது மெத்துனு இருக்கும். அதுக்கு மேல கெட்டி சிமெண்ட்ட ஏத்துனா ரெண்டும் ஒத்துப் போகாது. பழைய காரைய ஒரு விரக்கடைக்கு விட்டுட்டு, நீத்துன சுண்ணாம்பும் சலிச்ச மணலும், ஒண்ணுக்கு மூணு, அதுல கொஞ்சம் செங்கத்தூளு. ஒரு வாரமாவது நனைச்ச சாக்கு போட்டு மூடி வைங்க. அவசரப்பட்டுத் துணிய உரிக்காதீங்க, அடி நல்லாப் புடிச்ச பெறகு வெந்நித் தண்ணியத் துணியில ஊத்தி ஊத்தி ஊற வச்சு எடுக்கணும், அதுவா நழுவி வரணும்.

கொத்தனாரு கிளிய மூணு துண்டையும் ஒட்டுறப்ப எனக்கு போன் போடுங்க. ஆட்டோ புடிச்சு வந்துர்றேன். லிஃப்ட் இருக்குல்ல?

கோலிக்கு மட்டும் அடியில வெள்ள சிமெண்ட்டு வைங்க, வேற எதுவும் வேணாம். செங்கத்தூளுக் காரை மேல வச்சா கண்ணாடி கறுத்துப் போயிரும், நீலம் மேல தெரியாது. தம்பிட்டச் சொல்லி நீலக் கோலியாவே வாங்கிட்டு வரச் சொல்லுங்க.